அக்கரைச் சம்பளம்

ரெண்டு கதவுக்காரி என்ற பெயர் அவளுக்கு ஒரு ஃப்ரிட்ஜால் வந்தது. அந்தத் தெருவில் எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் ஒரே கதவுதான், அதிலும் சில வீடுகளில் கயிறு போட்டுக் கட்டிய கதவு. அவள் வீட்டுக்கு மட்டும் ரெண்டு கதவு வைத்தது வந்து இறங்கி, நாலு பேர் அதைச் சுமந்து மாடிப்படியில் திணறியபோது, வாசலுக்கு வராத தலை இல்லை.

"என்னடி இது, நெருப்பு அணைக்கறவன் சம்பளத்துல ஐஸ் மலையே வந்து இறங்குது?" என்றாள் மருந்துக்கடைக்காரர் மனைவி.

பதில் சொன்னது ரேடியோ அக்கா. ரேடியோ அக்காவுக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் எதுவும் நடக்காது. நடந்தாலும் அவர் சொன்ன பிறகுதான் நடந்ததாக அர்த்தம். "அவ புருஷன் இப்ப அந்தக் கரை ஸ்டேஷன்ல இருக்கான். அங்க சம்பளமே வேற."

அதில் பொய் இல்லை. ஊருக்கு நடுவே ஆறு, ஆற்றின் மேல் ஒரு பாலம். இந்தக் கரையில் ஒரு தீயணைப்புக்காரனுக்கு இருபதாயிரம் கிடைக்கிற இடத்தில் அந்தக் கரையில் முப்பத்தோராயிரம். வேலை ஒன்றுதான். ஏணி ஒன்று, குழாய் ஒன்று, தொண்டையில் இறங்குகிற புகையும் ஒன்று. ஆனால் அந்தக் கரையில் வாடகை கழுத்தை நெரிக்கும் என்பதால் அரசாங்கம் அதற்கென்று தனியாக ஒரு படி கொடுத்தது. அதற்கு ஒரே நிபந்தனை, படி வாங்குகிறவன் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். ஓய்வில் இருப்பவனைக் கூப்பிட்டாலும் பத்து நிமிடத்தில் வந்து நிற்கவேண்டுமாம். பாலத்தில் நெரிசல் பிடித்துக்கொண்டால் நாற்பது நிமிடம் ஆகும்.

ஆக, முடிந்தவர்கள் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு பாலம் தாண்டிவிட்டார்கள். இந்தக் கரை ஸ்டேஷனில் மூன்று வண்டிக்கு ஒரு டிரைவர் மிஞ்சினார். அவசர போனை எடுக்கிற கட்டுப்பாட்டு அறையில் ஐந்து நாற்காலிகள், இரண்டில்தான் ஆள். மற்ற மூன்றில் மழைக்கோட்டுகள் தொங்கின.

அவள் புருஷன் மூட்டை கட்டவில்லை. அதுதான் விஷயம்.

ஏணிக்காரர் என்று ஸ்டேஷனில் கூப்பிடப்பட்ட அந்த மனிதர் உயரத்துக்குப் பயப்படாதவர், பெண்டாட்டிக்குப் பயந்தவர். எட்டு வருடம் இந்தக் கரையில் இருபதை வாங்கிக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தார். யோசனை முழுக்க அவளுடையது. அவருடைய அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், அந்தக் கரையில் பாலத்து முனையிலேயே நீலக் கட்டடத்தில் நாலாம் மாடியில் தனியாக இருந்தாள். துணி தைத்துப் பிழைப்பவள். இரண்டு அறைகளில் ஒன்று சும்மா கிடந்தது.

"நாம அங்க போய் இருக்க வேண்டாம்ங்க. இருக்கறோம்னு எழுதினா போதும்" என்றாள் அவள், ஏதோ உப்பு கொஞ்சம் குறைத்துப் போட்டால் போதும் என்பதைப்போல.

"யாராவது வந்து பாத்தா?"

"பாத்தா இருக்கற மாதிரி இருக்கணும். அதை என்கிட்ட விடுங்க."

விட்டார். அவளும் ஒரு குறையும் வைக்கவில்லை. கதவில் புருஷன் பெயர்ப்பலகை. வாசலில் மகளின் பழைய செருப்பு. சின்ன அறையில் ஜன்னலை ஒட்டி ஒரு கட்டில், மேலே பூப்போட்ட போர்வை. ஜன்னல் கண்ணாடியில், மகள் காகிதத்தில் வரைந்து ஒட்டிய ஒரு மஞ்சள் வீடும் ஒரு சிவப்பு வண்டியும். கட்டிலுக்குக் கீழே பாதி தீர்ந்த கிரேயான் பெட்டி. பாதி தீர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து தேய்த்தே தீர்த்தாள். அவ்வளவு சிரத்தை.

மகளுக்கும் பாடம் நடந்தது. குட்டிக்கு அப்போது ஆறு வயது. சாப்பாட்டு நேரத்தில், குளிக்கும் நேரத்தில், தூக்கக் கலக்கத்தில்கூட அம்மா திடீரென்று கேட்பாள்: "முகவரி?"

"நீலக் கட்டடம், நாலாம் மாடி, எண் பதினாறு, பாலத்து முனை!"

மூச்சு விடாமல் சொன்னால் உள்ளங்கையில் ஒரு மிட்டாய். தடுமாறினால் கிடையாது. கேட்டுக் கேட்டு அம்மாவுக்கும் அது நாக்கில் ஊறிவிட்டது. பள்ளிக்கூடப் படிவம், ஆஸ்பத்திரிச் சீட்டு, கேஸ்காரன் என்று யார் கேட்டாலும் அதுதான் முதலில் வரும். சிலிண்டர் ஒருமுறை பாலம் தாண்டிப்போய் நாத்தனார் வாசலில் நின்றது.

குட்டியின் அடுத்த பிறந்தநாளை அங்கேதான் கொண்டாடினார்கள். வெறும் காகிதத்தில் இருப்பதைவிட நாலு பேர் கண்ணால் பார்ப்பது நல்லது என்பது அவள் கட்சி. ஸ்டேஷனிலிருந்து வந்தவர்களில் முக்கியமானவர் தடியண்ணன். ஆள் வந்தால் வாசலில் வெளிச்சம் குறையும், அத்தனை அகலம். கல்யாணம் ஆகாதவர். நிஜமாகவே அந்தக் கரையில் ஓர் அறைக்கு வாடகை கொடுத்து, படுத்தால் கால் கதவுக்கு வெளியே நீளும்படி வாழ்ந்தவர். அவளை முதல் நாளே தங்கச்சி என்றார், அதன்பின் மாற்றவே இல்லை. குட்டிக்கு அவர் மாமா.

படியேறி வந்தவர் மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. "மாப்ள, என்னடா இது? மூணாம் மாடியில நடக்க வழியில்லாம நுரை மெத்தையா அடுக்கி வச்சிருக்கான்?"

"கீழ்வீட்டுக்காரன் மெத்தை வியாபாரம் பண்றான்" என்றார் ஏணிக்காரர்.

"ஒரு பொறி போதும்டா. எழுதிக் கொடுத்தியா?"

ஏணிக்காரர் பெண்டாட்டியைப் பார்த்தார். எழுதிக் கொடுத்தால் அதிகாரிகள் வருவார்கள். வந்தவர்கள் மூன்றாம் மாடியோடு நிற்பார்களா, வீடு வீடாகத் தட்டுவார்களா, யார் கண்டது?

"கொடுத்தாச்சு அண்ணா" என்றாள் அவள், கேக்கை வெட்டிக்கொண்டே. "போன மாசமே கொடுத்தாச்சு."

பேச்சு பிறகு சம்பளத்துக்குப் போயிற்று. தீயணைப்புக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் வேறு எங்கே போகும்?

"துறைமுகத்துல நம்மள விட அதிகம்" என்றார் ஒருவர்.

"கொடுக்கட்டும், அங்க எண்ணெய்க் கப்பல். மலைப்பக்கம் பாரு, காடே எரியுது, அவனுக்கு நம்மள்ல பாதி. ஆனா அரிசி இலவசமாம்."

"அட, விமான நிலையத்துல நிக்கறவன் வாங்கறான்டா சம்பளம்!" என்றார் தடியண்ணன். "நமக்கு ரெண்டு மடங்கு. வருஷம் முழுக்க காக்கா விரட்டறான். போன வருஷம் ஒருத்தனுக்கு வீரப் பதக்கம் வேற. காக்கா செத்துப்போச்சோ என்னவோ."

எல்லாரும் சிரித்தார்கள். "ஆக, எரியற இடத்துல கம்மி, எரியாத இடத்துல அதிகம். அப்படித்தானே?" என்றாள் நாத்தனார்.

குட்டி தடியண்ணன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அவர் சட்டையில் குத்தியிருந்த மூச்சுமுகமூடி படத்தைத் தொட்டது. "மாமா, புகை வந்தா இதை எனக்குத் தருவீங்களா?"

"தரக்கூடாதுன்னு சட்டம்டா தங்கம். கழட்டினவன் காலின்னு பாடம் எடுப்பாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "உனக்குன்னா தந்துடுவேன். யார்கிட்டயும் சொல்லாத."

எங்கே படுப்பாய் என்று அவர் கேட்க, குட்டி கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சின்ன அறையைக் காட்டியது. ஜன்னல் ஓரக் கட்டில். அவர் போர்வையைத் தட்டிப் பார்த்தார். பாடம் பிசகாமல் சொன்னதற்கு அன்று குட்டிக்கு ரெண்டு மிட்டாய்.

சரிபார்ப்பு அதிகாரி வந்தது சொல்லாமல். குட்டி இந்தக் கரையில் பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த ஒரு காலைநேரம். ஸ்டேஷனிலிருந்து கிளம்பிவிட்டார்கள் என்று ஏணிக்காரர் போனில் முணுமுணுத்ததும், அவள் ஆட்டோவில் விழுந்தடித்துப் பாலம் தாண்டினாள். நல்ல வேளை, அன்று நெரிசல் இல்லை. அவர்களுக்கு நாலு நிமிடம் முன்னால் படியேறினாள். அந்த நாலு நிமிடத்தில் அவள் செய்ததைத்தான் தெரு பிற்பாடு பல மாதம் பேசப்போகிறது. நாத்தனாரின் நீளத் தலையணையை எடுத்துக் கட்டிலில் கிடத்தினாள். அதற்குக் குட்டியின் கம்பளிக் குல்லாவை மாட்டிச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். கழுத்துவரை போர்வையை இழுத்து ஓரங்களைச் செருகினாள்.

"ரெண்டு நாளா காய்ச்சல் சார். இப்பத்தான் கண்ணசந்தா."

அதிகாரி அறை வாசலிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர் தடியண்ணன். அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு, அந்த உடம்பை வைத்துக்கொண்டு பூனைபோல் உள்ளே போய், கட்டில் ஓரத்தில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்தார். "தொடல தங்கச்சி. முழிச்சிக்கப் போறா" என்று கிசுகிசுத்தார்.

கையெழுத்தாயிற்று. "மறுபடியும் எப்ப வேணாலும் வருவோம்" என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். அதனால் தலையணை அப்படியே இருந்தது. ஒரு வாரம், ஒரு மாதம், ஒரு வருடம்.

"எடுத்துத் தொலைடி அதை" என்று நாத்தனார் போனில் அரற்றுவாள். "சாயங்காலம் அந்த ரூம் பக்கம் போனா யாரோ மூச்சு விடற மாதிரி இருக்கு. கதவை மூடியே வச்சிருக்கேன்."

"தூசி தட்டிட்டு மறுபடியும் போத்திடுங்க அண்ணி. குல்லா நழுவாம பாத்துக்கோங்க."

*

அன்று பள்ளிக்கு விடுமுறை. ஏணிக்காரர் மூன்று நாள் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தார். அங்கே போன்களை வாங்கிப் பூட்டிவைத்துவிட்டுத்தான் ஏணியில் ஏறச் சொல்வார்கள். போகும்போது தடியண்ணனிடம், "வீட்டைப் பாத்துக்கோடா" என்று ஒரு வார்த்தைக்குச் சொல்லிவிட்டுப் போனார். எந்த வீட்டை என்று சொல்லவில்லை.

மூன்று மணி வெயிலில் ஆற்றுக்கு அப்பால் ஒரு கறுப்புத் தூண் எழுந்தது. தெரு மாடிகளில் கூடிற்று. ரேடியோ அக்காவின் போனில் யாரோ எதிர்க் கட்டடத்திலிருந்து எடுக்கிற நேரலை ஓடியது. ஐந்தாறு பெண்கள் அந்தச் சின்னத் திரைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நின்றார்கள். குட்டி பிஸ்கட்டைக் கடித்தபடி அவர்கள் இடுப்புகளுக்கு நடுவே முகத்தை நுழைத்தது.

"அம்மா! நம்ம வீடு!"

மருந்துக்கடைக்காரர் மனைவி சிரித்தாள். "உன் வீடு இங்க இருக்குடி."

ரெண்டு கதவுக்காரி எட்டிப் பார்த்தாள். நீலக் கட்டடம். மூன்றாம் மாடி ஜன்னல்கள் எல்லாவற்றிலிருந்தும் கறுப்பாகக் கக்கிக்கொண்டிருந்தது. நுரை மெத்தை.

முதல் போன் நாத்தனாருக்கு. ஐந்து நிறுத்தம் தள்ளி, தைத்த துணி கொடுக்கப் போயிருந்தாள், உயிரோடிருந்தாள். ரெண்டு கதவுக்காரிக்கு மூச்சு வந்தது. திரையில் ஒரு குரல் கத்திக்கொண்டிருந்தது: "நாலாவது மாடியில ஒரு தீயணைப்பு வீரரோட மனைவியும் குழந்தையும் மாட்டியிருக்காங்களாம். வீரர் வெளியூர்ல இருக்காராம்..."

"ஐயோ பாவமே" என்றாள் மருந்துக்கடைக்காரர் மனைவி, கன்னத்தில் கைவைத்து. பிறகு மெதுவாகத் திரும்பினாள். மற்ற தலைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பின. தாயும் மகளும் அங்கேதான் நின்றார்கள், ஒருத்தி கையில் போனும் ஒருத்தி வாயில் பிஸ்கட்டுமாக. ரேடியோ அக்கா திரையையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

இப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் மனது வேறு வழியில் ஓடியது. ஏறிப் பார்ப்பார்கள், ஆள் இல்லை என்று இறங்கிவிடுவார்கள். கேட்டால் சந்தைக்குப் போயிருந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். எந்தச் சந்தை? பாலத்துக்கு அந்தப் பக்கத்துச் சந்தை. என்ன வாங்க? குட்டிக்குச் செருப்பு. அவள் அப்படிப்பட்டவள், பொய் சொன்னாலும் பில்லோடு சொல்வாள். அந்தச் செருப்புக்கு நிறம் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கட்டில் ஞாபகம் வந்தது.

ஆள் இல்லை என்று எப்படி இறங்குவார்கள்? ஆள் இருக்கிறதே. குல்லா போட்டுக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி, கழுத்துவரை போர்த்திக்கொண்டு.

தடியண்ணன் போனுக்கு அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. அது வண்டிக்குள் அவர் கழற்றிப்போட்ட சட்டையில் கிடந்தது. திரையில் அந்த அகலமான முதுகு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வாசலுக்குள் நுழைந்தது. "அது நம்ம மாமாதானே?" என்றது குட்டி. "மாமா! மாமா!"

அவசர எண்ணை அழுத்தினாள். இந்தக் கரையிலிருந்து அழுத்தினால் இந்தக் கரைக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். மணி அடித்தது. இரண்டு பேர், நூறு போன். பதினெட்டாவது மணிக்கு ஒரு களைத்த குரல் எடுத்தது.

"சொல்லுங்க."

"அந்த நீலக் கட்டடம்... தீ... உள்ள போறாங்க, அவங்கள நிறுத்துங்க..."

"பாலத்து முனைத் தீயா? தெரியும்மா. வண்டி போயிருக்கு. நீங்க யாரு?"

"அந்தத் தீயணைப்புக்காரர் வீட்டம்மாதான் பேசறேன், குழந்தை என்கூட..."

"பதறாதீங்க. முதல்ல முகவரி. முகவரி சொல்லுங்க!"

"நீலக் கட்டடம், நாலாம் மாடி, எண் பதினாறு, பாலத்து முனை."

மூச்சு விடாமல் சொன்னாள்.

"குழந்தையும் கூடத்தானே? சரிம்மா. தரையோட தரையா படுங்க. ஜன்னல்கிட்ட போங்க. ஆள் மேல வந்துட்டாரு, இப்பவே அந்தக் கரைக்குச் சொல்றேன்." போன் வைக்கப்பட்டது.

காதில் வைத்த போனை அவள் எடுக்கவில்லை. தான் என்ன சொன்னோம் என்பது தாமதமாகத்தான் அவளுக்குள் இறங்கியது. மறுபடி அழுத்தினாள். எங்கேஜ். மறுபடி. எங்கேஜ். "எல்லாரும் அடிங்க! எல்லாரும் போன் பண்ணுங்க! நாங்க இங்க இருக்கோம்னு சொல்லுங்க!" என்று அலறினாள். தெரு முழுக்க ஒரே எண்ணை அழுத்தியதில், இரண்டு நாற்காலிகளுக்கும் சேர்த்து அடைத்துக்கொண்டது.

திரையில் நிலைய அதிகாரி ஒருவர் வயர்லெஸ்ஸைக் காதில் அழுத்திக்கொண்டு, தலையாட்டி, நாலாம் மாடியை நோக்கிக் கையைக் காட்டினார். அனல் தாங்காமல் இறங்க ஆரம்பித்திருந்த ஓர் அகலமான உருவம் படி ஜன்னலில் நின்று, திரும்பி, மேலே ஏறியது.

"ஏன் திரும்பிப் போறாரு?" என்றாள் மருந்துக்கடைக்காரர் மனைவி.

ஜன்னல் கண்ணாடியில் மஞ்சள் வீடும் சிவப்பு வண்டியும் சுருண்டு கறுத்தன. பிறகு கண்ணாடி உடைந்தது. புகைக்குள்ளிருந்து அவர் தெரிந்தார். பூப்போட்ட போர்வையில் சுற்றிய ஒன்றைத் தோளில் சாய்த்து, தலையை ஒரு கையால் தாங்கி. தொப்பி இருந்தது. முகத்தில் முகமூடி இல்லை.

கூட்டம் அங்கே கைதட்டுவது போனில் கேட்டது. ஏணி நீண்டது. கீழே நின்றவர்கள் அவர் கையிலிருந்ததை முதலில் வாங்கினார்கள், பூவைப்போல வாங்கினார்கள். அவர் நாலு படி தானே இறங்கினார். மீதியைப் பிடித்து இறக்கினார்கள்.

ஒரு பெண் மருத்துவ உதவியாள் போர்வையை விலக்கினாள். கம்பளிக் குல்லா. அதன்மேல் வார் இறுக்கி, நன்றாகப் பொருத்தி, காற்று ஓடிக்கொண்டிருந்த மூச்சுமுகமூடி. அவள் அதைக் கழற்றினாள். வெள்ளைத் துணி. பஞ்சு. அவள் நிலைய அதிகாரியை நிமிர்ந்து பார்த்தாள். கைதட்டல் எந்த இடத்தில் நின்றது என்று சொல்ல முடியாதபடி நின்றது.

அருகே தரையில் அந்தப் பெரிய உடம்பின் மார்பை இருவர் மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் அழுத்தினார்கள். பிறகு ஒருவர் பின்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ரேடியோ அக்கா திரையை அணைத்தார். தெருவில் யாரும் ரெண்டு கதவுக்காரியைத் திட்டவில்லை. அவளிடமிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான்.

அப்போது அவள் கையில் போன் அடித்தது. விரல் எதன்மேல் பட்டதோ, குரல் சத்தமாகவே வந்தது. அதே களைத்த குரல். இப்போது அதில் வேறு ஏதோ இருந்தது.

"அம்மா, நீங்க சொன்ன வீட்டுல யாருமே இல்லங்கறாங்க. நீங்க இப்ப எங்க இருக்கீங்க? உங்க முகவரி என்ன?"

அவள் வாயைத் திறந்தாள்.

"முகவரி சொல்லுங்கம்மா."

"நீலக் கட்டடம், நாலாம் மாடி, எண் பதினாறு, பாலத்து முனை!" என்றது குட்டி, கணீரென்று, ஓர் எழுத்துப் பிசகாமல். பிறகு, எப்போதும்போல, அம்மாவுக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டியது.